நான்கு மேசைகளும் ஒரு கூட்டணியும்

1

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. என் கை இரண்டிலும் ரொட்டி மா. "மதுரா, ஆரெண்டு பார் பிள்ளை" என்று அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன். பதிலில்லை. எப்படி வரும்? கதவைத் திறந்தால் மணியை அடித்துவிட்டு நின்றவளே அவள்தான்.

பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று, தன் சொந்த வீட்டு மணியை அடித்திருக்கிறாள் நான் பெற்ற மகள். பதினெட்டு வயது. சட்டையில் பச்சைச் சின்னம். முகத்தை அவ்வளவு அலுவல்முறையாக வைத்துக்கொண்டு நின்றாள். என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. கட்சிக் கிளையின் தலைவியிடம், அதாவது என்னிடம், ஒரு விஷயம் கேட்க வந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

கேட்க வந்த விஷயம் மேசை. எங்கள் கராஜில் நான்கு மடக்கு மேசைகள் நிற்கின்றன. இடதுசாரிக் கூட்டணியின் மவுண்ட் ஆல்பர்ட் கிளைக்குச் சொந்தமானவை. கூட்டணியிலிருந்து பச்சைக்காரர் பிரிந்து போய்விட்டார்கள். சூழல், மரம், ஆறு என்று பேசுகிறவர்களுக்கு நான் வைத்த பெயர் அது. இந்த வருடம் பொதுத்தேர்தல். கடைத்தெருவில் தனியாகப் பந்தல் போட அவர்களுக்கு மேசை வேண்டுமாம். நான்கில் இரண்டு தர முடியுமா என்று ஹெலன் மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு வந்ததே ஒரு எரிச்சல். அந்த மேசைகள் பள்ளிக்கூடச் சந்தைகளில் நான் வடை சுட்டு விற்று வாங்கியவை. இருந்தாலும் வாசலில் நிற்கிறவர்களை வெளியே வைத்துப் பேசிப் பழக்கமில்லை. உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கள் என்றேன். ஹெலன் சிரித்துக்கொண்டு, வேண்டாம் என்றாள். அதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளைக்கூட்டம் கூடித் தீர்மானம் போடாமல் ஒரு மேசைக் கால்கூட வெளியே போகாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் மகளையும் சேர்த்து வெளியே விட்டுச் சாத்தியிருக்கிறேன் என்பது உறைத்தது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பனியையும் தனிமையையும் எழுதுவார்கள் என்று ஊரில் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஆக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. தனியாக இருக்க எனக்கு நேரமும் கிடைப்பதில்லை. ஆகவே மேசைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

2

தேத்தண்ணி வேண்டாம் என்றதில் விளங்க என்ன இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தார் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் "அவையளோட நாங்கள் கோவம்" என்றால் அது ஒரு நேரத்து ஆத்திரம் அல்ல. அது ஒரு நிலைமை. வருடக்கணக்கில் நீடிக்கும். அதற்கு முதல் அடையாளம் அந்த வீட்டில் கை நனைக்காமல் விடுவது. ஒரு மிடறு தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கட்சியில் இருந்தவர்கள். சிவப்புச் சட்டை, மே தின ஊர்வலம், வீட்டுச் சுவரில் தாடிக்காரர்களின் படங்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கட்சி மொஸ்கோ என்றும் பீக்கிங் என்றும் இரண்டாக உடைந்தது. அப்பா மொஸ்கோ. சித்தப்பா பீக்கிங். இரண்டு நகரத்தையும் இருவரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு வாரம் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். பிறகு சண்டையும் நின்றது, கதையும் நின்றது. இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் நாங்கள் பிள்ளைகள் நுழைந்து போகிற பொட்டு ஒன்று இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் அதைப் பனையோலையால் அடைத்திருந்தார்கள்.

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்குச் சித்தப்பா வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. வரவில்லை. உலகத்துத் தொழிலாளர் எல்லாம் ஒன்றுசேர வேண்டும் என்று மேடையில் பேசிய மனிதர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் துக்கத்தைவிடக் கோபம்தான் முந்தி வருகிறது.

3

கட்சி என்ற சொல்லே வேண்டாம் என்றுதான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினேன். இவர், அதாவது என் கணவர், ஊரில் எஞ்சினியர். இங்கே அந்தப் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் வேலை. எனக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல். தொண்ணூறுகள் தொடங்கிய நேரம், எங்களை ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டு, புது ஒப்பந்தம், கையெழுத்துப் போடு என்றார்கள். சனி ஞாயிறு வேலைக்குக் கிடைத்த மேல்சம்பளம் அதோடு போயிற்று. சங்கம் என்று ஒன்று இருந்தது. அதுவும் கொஞ்ச நாளில் ஒரு பழைய சுவரொட்டியாக மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் ட்ரெவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. ஐந்து சின்னக் கட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்திருக்கின்றன, எங்கள் பகுதியில் கிளை தொடங்கப் போகிறோம், வருவாயா என்று கேட்டார். தொழிலாளர் பக்கம் பேசுகிறவர்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாஓரி மக்களின் கட்சிக்காரர், பச்சைக்காரர், வங்கி வட்டியை ஒழிக்கவேண்டும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த முதியவர்கள், ஆளும் கட்சியோடு முறுகிக்கொண்டு வந்தவர்கள். இவ்வளவு பேரும் ஒரு கூரையின் கீழா என்று எனக்குச் சிரிப்பு. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கட்டணம் கூடாது, அரசாங்க வீட்டு வாடகையை ஏற்றக்கூடாது, தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேறு ஆளில்லை. சேர்ந்தேன்.

எங்கள் லவுஞ்ச் பெரியது. மரவீடு, பழசு, குளிர்காலத்தில் நடுங்கும். இருந்தாலும் இருபது பேர் உட்காரலாம். ஆகவே கூட்டம் எங்கள் வீட்டில். கூட்டமென்றால் வெறும் வயிற்றில் நடத்த எனக்குத் தெரியாது. வடை, ரோல்ஸ், கேசரி. எங்கள் கிளைக்கு மட்டும் ஆட்கள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்களாம். மதுரா அப்போது சின்னவள். துண்டுப் பிரசுரங்களை மடித்து அடுக்குவது அவள் வேலை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிய வயது. ஆனாலும் ட்ரெவரின் பகிடிகளுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தமிழ் வாக்கு சேர்ப்பது என் பொறுப்பு. நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் நம் சனம் நிறைய. வீடு வீடாகப் போக வேண்டும். வீட்டுக்குப் போவதென்றால் எப்படிப் போவது? எனக்குத் தெரிந்தது ஒரே முறை. சேலை கட்டினேன். இவரை வேட்டி கட்டச் சொன்னேன். தட்டத்தில் கற்கண்டு, குங்குமம், பூ. முதல் வீட்டுக்காரி வாய் நிறையச் சிரித்து, கற்கண்டை எடுத்து வாயில் போட்டு, "மகளுக்குச் சாமத்தியவீடோ? ஹோல் எடுத்தாச்சோ?" என்றாள். மகள் பெரியபிள்ளையான சடங்குக்குச் சொல்ல வரவில்லை, கூட்டணிக்கு வாக்குக் கேட்டு வந்திருக்கிறோம் என்றேன். அந்த மனுஷிக்குக் கற்கண்டை விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை. கட்சி, கூட்டணி என்றாலே எங்கள் சனம் கதவைச் சாத்தப் பார்க்கும். பெயர் கேட்டு வருகிறவர்களைக் கண்டு ஓடி வந்தவர்களிடம் நானே பெயர் கேட்டுக்கொண்டு போய் நின்றால்?

அடுத்த முறை பத்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மலேசியாக்காரி, நர்ஸ், நெற்றியில் சிலுவை போடாமல் காரைக்கூட எடுக்கமாட்டாள். "அக்கா, நீங்க கட்சியைப் பத்தி முதல்ல பேசாதீங்க லா, ஓட்டுப் போடலாம்னே இவங்களுக்குத் தெரியாது" என்றாள். அவள் சொன்னது சரி. குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தர விசா இருந்தால் இந்த நாட்டில் வாக்குப் போடலாம். ஒருவரும் நம்பவில்லை. பதிந்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். மனுகாவ் தேர்தல் அலுவலகத்துக்கு நாங்களே வேனில் ஏற்றிப் போய்ப் பதிவித்தோம். எந்தக் கட்சிக்குப் போட்டார்களோ, அது அவர்கள் பாடு. பதிந்துவிட்டு வெளியே வந்தபோது அவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். அதைப் பார்த்தது எனக்குப் போதும்.

முதல் தேர்தலில் நாடு முழுக்க வாக்கு அள்ளிக்கொண்டு வந்தது. ஆசனம் மட்டும் விரல்விட்டு எண்ணலாம். அந்தக் காலத்துத் தேர்தல் முறை அப்படி. தோற்றோமா வென்றோமா என்று தெரியாமலே எங்கள் லவுஞ்சில் பாட்டுப் படித்தார்கள். தேர்தல் முறையே மாறப்போகிறது, இனி ஆளுக்கு இரண்டு வாக்கு, அடுத்த தடவை நாங்கள்தான் என்று ட்ரெவர் இவரைப் பிடித்து ஆட்டினார். வேட்டியோடு ஆடிய இவரைப் பார்த்து மதுரா சோபாவில் விழுந்து சிரித்தாள்.

4

அடுத்த தடவை நாங்கள் இல்லை. புதுமுறைத் தேர்தலில் ஆசனம் கூடியது, ஆனால் நினைத்ததைவிட மிகக் குறைவு. ஆட்சி பழையவர்களிடமே போனது. வெற்றி வரும் என்றிருந்தபோது ஒன்றாய் இருந்தவர்கள், வராமல் போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். வட்டி ஒழிப்பு முதியவர்கள் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்தார்கள். மாஓரித் தோழர்கள், எங்கள் காணி விஷயம் எப்போதும் கடைசியில்தான் வருகிறது என்றார்கள். பத்மாவுக்கு இரவுவேலை. லவுஞ்சில் கதிரைகள் மிஞ்சின. கேசரியும் மிஞ்சியது.

பிறகு ஒரு கூட்டத்தில் பச்சைக்காரர் எழுந்து, நாங்கள் தனியே போகிறோம் என்றார்கள். ஹெலன்தான் பேசினாள். யாரையும் குறை சொல்லவில்லை. பேசி முடித்து எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். நானும் மரத்துப்போய்க் கட்டிப்பிடித்தேன். பிறகு தட்டங்களைக் கொண்டுவந்து நீட்டினேன். நெய் விட்டுக் கிண்டிய கேசரி, பால் தேத்தண்ணி. ஹெலன் தொடவில்லை. அவளோடு நின்ற இருவரும் தொடவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று பனையோலையால் அடைபட்டது.

அதைவிடப் பெரிய அடி ஒரு வாரத்தில் விழுந்தது. மதுராவும் அவர்களோடு போய்விட்டாள். எனக்குச் சொன்னது இவர். போனதோடு நிற்கவில்லை. அதே குசினியில் தனக்கென்று ஒரு சட்டி வைத்துச் சமைக்கத் தொடங்கினாள். அவரையைப் போட்டு ஏதோ கூழ், எண்ணெயில் வதக்கிய கீரை. என் குழம்பைத் தொடமாட்டாள். நான் வாங்கி வைத்த பாலைத் தொடமாட்டாள். ஒரு வீட்டில் இரண்டு உலை வைத்தால் அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்தேன். எங்கள் வீட்டில் கட்சி உடைந்தால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவள் நான். இந்தப் பிள்ளையை இழக்கமாட்டேன், இந்த முறை நடக்கவிடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். இறால் பொரித்தேன். பால்புட்டு அவித்தேன். எல்லாம் அப்படியே கிடந்தது. சமைக்கச் சமைக்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

5

கதவைச் சாத்திய சனிக்கிழமைக்கு வருகிறேன். ரொட்டி மாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ட்ரெவருக்கு ரெலிபோன் எடுத்தேன். மேசை கேட்டு வந்திருக்கிறார்கள், கோவமாக இருந்துகொண்டு கேட்க என்ன துணிச்சல் என்று பொரிந்தேன். யார் கோவம் என்று ட்ரெவர் கேட்டார். ஹெலன் என்றேன். என் வீட்டில் அவள் வாய் வைத்து எவ்வளவு காலம் என்றேன்.

 ட்ரெவர் இருமி இருமிச் சிரித்தார். ஹெலன் பால், வெண்ணெய், நெய் எதையும் தொடுவதில்லையாம். மாடுகளுக்காகவும், பண்ணைக் கழிவு கலக்கிற ஆறுகளுக்காகவுமாம். அது தொடங்கியது கூட்டணி உடைந்த அதே கோடையில். "உன் மகளும் அப்படித்தானே, நாகி, உனக்குத் தெரியாதா?" என்றார். என் மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு பஸ் சாரதி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைவச் சாப்பாடு எங்களுக்குத் தெரியும். விரதம் தெரியும். ஆனால் பாலும் தயிரும் ஆகாது என்று ஒரு சைவம் இருக்கும் என்று யார் கண்டது? கோயிலில் சாமிக்கே பால்தானே ஊற்றுகிறோம்? ரெலிபோனை வைத்துவிட்டு நானும் சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது. அவள் என்னோடு கோவமில்லை. அந்த ஒரு நினைப்பில் ஒரு வருடத்துப் பாரம் இறங்கினது போலிருந்தது.

நான் நினைத்தால் நினைத்ததுதான். வெறுந்தேத்தண்ணி போட்டேன். இஞ்சி தட்டி, சீனி போட்டு, ஒரு சொட்டுப் பால் இல்லாமல், பெரிய பிளாஸ்க் நிறைய. இவரைக் கூப்பிட்டு மேசைகளை வேனில் ஏற்றச் சொன்னேன். "தீர்மானம் போடாமலோ?" என்றார். தலைவி நான், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றேன். இரண்டு மேசை. நான்கும் கொடுக்க நான் ஒன்றும் ஏமாளி இல்லை. எங்கள் கிளையும் இந்த வருடம் பந்தல் போடப்போகிறது, ஆறு பேர் மிஞ்சினாலும் போடப்போகிறது.

ரயில் நிலையத்துக்கு மேலே கடைத்தெருவில் நின்றார்கள். துண்டுப் பிரசுரங்களைப் பழப்பெட்டி ஒன்றின்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் மேசையை விரித்தேன். பிளாஸ்க்கைத் திறந்தேன். ஹெலன் இரண்டு கப் குடித்தாள். இஞ்சி என்ன ருசி என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் வைத்திருந்த பகையெல்லாம் அந்த நடைபாதையிலேயே கரைந்தது. மதுராவும் ஒரு கப் வாங்கினாள். குடித்தாள். அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

அவள் கப்பைத் திருப்பித் தந்தாள். முகம் இளகவில்லை. சனம் போய் வருகிற தெருவில், ஆங்கிலத்தில் அல்ல, தமிழில் கேட்டாள்.

"சாப்பாடு தந்தீங்கள். தேத்தண்ணி தந்தீங்கள். நான் ஏன் போனனான் எண்டு ஒருநாளாவது கேட்டீங்களோ அம்மா?"

6

மதுராவையும் வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். வந்து குசினி மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். தட்டம் எதையும் எடுக்கவில்லை. "சரி. ஏன் போனனீ?" என்றேன்.

தொடங்கினாள். பதினாறு வயதில், எங்கள் கூட்டத்தில், எங்கள் தெருவுக்குக் கீழே ஓடுகிற ஓடையைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தாளாம். நுரை மிதக்கிறது, விலாங்கு சாகிறது என்று படமெல்லாம் எடுத்து வந்தாளாம். ஆஸ்பத்திரியும் வாடகையும் முதலில், ஓடை பிறகு என்று பெரியவர்கள் சொன்னார்களாம். தலைவி என்ன செய்தாள்? பிறகு பார்ப்போம் என்றுவிட்டு, எழுந்து நின்ற பிள்ளையிடம் வடைத் தட்டத்தைக் கொடுத்து, எல்லாருக்கும் குடு என்றாளாம். ஐந்து கட்சிக் கூட்டணி என்பதன் அர்த்தமே சின்னவர்களைப் பிறகு என்று சொல்வதுதான் என்றாள். மாஓரிக்காரருக்கும் அதைத்தான் சொன்னீர்கள் என்றாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சு.

எனக்குச் சுட்டது. வடைத் தட்டம் எனக்கு ஞாபகமில்லை, ஆனால் செய்திருப்பேன், அது நான்தான். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட என்னால் முடியாது. அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் என்ன இருந்தது தெரியுமா என்றேன். பாபடோயிட்டோயில் வாடகை ஏறி, கராஜில் பிள்ளைகளோடு படுக்கிற சனத்தை விட்டுவிட்டு விலாங்கைப் பார்க்கச் சொல்கிறாயா என்றேன். அந்தச் சனத்தின் பக்கமும் ஓடை இப்படித்தான் நாறுகிறது என்றாள். பிரிந்து போனால் யாருக்கு லாபம், வாடகையை ஏற்றினவனுக்குத்தானே என்றேன். சேர்ந்து இருந்தபோது மட்டும் வென்றீர்களா என்றாள். நான் மேசையில் அடித்தேன். அவளும் அடித்தாள்.

இவர் பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், கொஞ்சம் மெதுவாக் கதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்று யன்னலைச் சாத்தப் போனார்.

"சாத்தாதேங்கோ, கேக்கட்டும்" என்றேன். மதுரா அடுத்த காரணத்துக்குப் போயிருந்தாள். அது முதலாவதைவிடப் பிழையாக இருந்தது. கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "நிப்பாட்டு, அதுக்கு நான் மறுமொழி சொல்லுறன்" என்றேன். அவள் நிப்பாட்டவில்லை.